மீன் வெட்டும் மின்கத்தி: வயருடன் வாங்குவதா, பற்றரியுடன் வாங்குவதா?

அலைகரை (காரைநகர்)

வணக்கம். காரைநகரில் கசூரினாக் கடற்கரைக்குப் போகும் வழியில் நானும் மனைவியும் ஒரு சிறிய விருந்தினர் இல்லத்தை நடத்தி வருகிறோம். விடுமுறைக் காலங்களில் வெளிநாடுகளிலிருந்து குடும்பமாக ஊருக்கு வருபவர்களே எங்களிடம் அதிகம் தங்குவார்கள். பெரியவர்கள் தலையும் முள்ளுமாகப் போட்டுக் குழம்பு வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ முள்ளில்லாத சதையைப் பொரித்துக் கொடுத்தால்தான் கோப்பையில் கை வைப்பார்கள். இதனால் விளைமீன், பாரை, கலவாய், கிடைக்கும் நாளில் கொடுவா என்று வாங்கி, இரண்டு பக்கச் சதையையும் நடுமுள்ளிலிருந்து முழுதாகப் பிரித்தெடுக்கும் வேலை வாரத்தில் பல நாட்கள் எங்கள் தலையில் விழுகிறது. சந்தையில் மீன் வெட்டித் தருபவர்கள் துண்டு போடுவதில் கெட்டிக்காரர்கள். ஆனாலும் காலை நெரிசலில், ஒவ்வொரு மீனாகச் சதை பிரித்துத் தரும்படி அவர்களை மறித்து வைத்திருக்க முடியாது.

சாதாரணமாக ஒரு காலையில் எட்டு முதல் பத்துக் கிலோ வரை வெட்டுவோம். யூலையிலும் திசம்பரிலும் அது இரட்டிக்கும். (நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் இருபத்தைந்து நாட்களுக்கு மரக்கறிதான், எங்கள் கத்திக்கும் ஓய்வுதான்.) கைக்கத்தியால் இவ்வளவையும் செய்து மனைவிக்கு மணிக்கட்டில் நோவு வந்துவிட்டதால், மின்கத்தி ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். ரொறன்ரோவிலிருந்து என் தங்கையும் லண்டனிலிருந்து என் மச்சானும் இவ்வாண்டு யூலையில் வருகிறார்கள். யாரிடம் சொன்னாலும் வாங்கி வருவார்கள்.

எந்த வகையைச் சொல்வது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சிகள். 2022 மார்ச்சில் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை மறக்காத மனைவி பற்றரிக் கத்திதான் வேண்டும் என்கிறார். பற்றரியில் ஓடும் எதற்கும் வலு குறைவு, பாதி வேலையில் நின்றுவிடும் என்பது என் எண்ணம். நாங்கள் மீன் வெட்டுவது கிணற்றடிக்குப் பக்கத்திலுள்ள சீமெந்து மேடையில். அங்கு பிளக் எதுவும் இல்லை, குசினிச் சுவரிலிருந்து இருபது அடி தூரம் இருக்கும். இரண்டு வகையையும் பாவித்தவர்கள் ஆலோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

சோளகம் (லண்டன், ஊர் ஊர்காவற்றுறை)

அண்ணா, நான் இங்கு ஒரு மீன்கடையில் வேலை செய்கிறேன். இரண்டு வகைக் கத்திகளையும் கையாண்டிருக்கிறேன். ஒரே சொல்லில் கேட்டால், வயருள்ள கத்தி என்றுதான் சொல்வேன்.

இந்தக் கத்திகளில் பல் வைத்த இரண்டு அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கும். மோட்டர் அவற்றை எதிரெதிராக முன்னும் பின்னும் ஓட்டுகிறது. ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே வருவதால், மீன் கத்தியோடு இழுபடாமல் கிடந்த இடத்திலேயே கிடந்து வெட்டுப்படும். நாம் அறுக்க வேண்டியதில்லை. அலகு போக வேண்டிய வழியைக் காட்டினால் போதும். சதையை வெட்டுவது எந்த மோட்டருக்கும் பெரிய வேலையன்று. விலா முள்ளில்தான் சோதனை தொடங்குகிறது. ஒரு கிலோவைத் தாண்டிய விளைமீனிலும் பாரையிலும் அந்த முட்கள் தடித்திருக்கும். அலகு அவற்றை அறுத்துக்கொண்டு போகும் சில விநாடிகளில்தான் மோட்டரின் வலு தெரியும். வயருள்ள கத்தி முதல் மீனை வெட்டிய வேகத்திலேயே கடைசி மீனையும் வெட்டும். பழைய நிக்கல் பற்றரிக் கத்திகள் மெல்ல மெல்லத் தளர்ந்து, வெட்டுவதை விட்டுச் சதையைப் பிய்க்கத் தொடங்கிவிடும். உங்களுடைய எண்ணம் அந்தக் காலத்துக் கத்திகளைப் பார்த்து வந்ததாக இருந்தால், அதில் பிழையில்லை. இப்போது வரும் லிதியம் பற்றரிகள் ஏறக்குறைய இறுதி வரை ஒரே வேகத்தில் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுவிடுகின்றன. ஆகவே இன்று கேட்க வேண்டியது வலுவைப் பற்றியன்று, எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் பற்றித்தான்.

பற்றரி கைப்பிடிக்குள் இருப்பதால் கத்தியின் எடையும் கூடுகிறது. மணிக்கட்டு நோவுள்ளவருக்கு இது சிறிய விடயமன்று. வயருள்ளதில் எடை குறைவு, ஆனால் வயர் மீனுக்கு மேலாகவும் ஈரத்துக்குள்ளாகவும் இழுபடும். அதைத் தோளுக்கு மேலாக விட்டுக்கொண்டு வெட்டப் பழக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் மச்சான் இங்குள்ள கடைகளில் எளிதில் காண்பது இறைச்சியும் பாணும் வெட்டுகின்ற சமையலறை மின்கத்தி. அதன் அலகு தடித்தது, வளையாது. நடுமுள்ளோடு ஒட்டிப் போகாததால் நல்ல சதை முள்ளிலேயே தங்கிவிடும். அதோடு, தொடர்ச்சியாகச் சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அவற்றில் பலவற்றின் கைநூலிலேயே எழுதியிருக்கும். மீனுக்கென்றே செய்யப்பட்ட, மெல்லிய, வளையும் அலகுள்ள கத்தியை 230 வோல்ற்றில் வேண்டுமென்று அவர் தேடித்தான் எடுக்க வேண்டும். அலகு எட்டு அங்குல அளவில் இருந்தால் விளைமீனுக்குப் போதும். பெரிய பாரை, அறக்குளா வெட்டுவதானால் பத்து அங்குலத்துக்குக் கிட்ட இருப்பது நல்லது.

எந்த வகையை வாங்கினாலும் வெட்டும் முறை ஒன்றே. கத்தி ஓடத் தொடங்கிய பிறகுதான் மீனில் வைக்க வேண்டும். பக்கச் செட்டைக்குப் பின்னால் அலகைச் சாய்வாக இறக்கி, நடுமுள் தட்டுப்பட்டதும் அலகைப் படுக்க வைத்து, வால் வரை அழுத்தாமல் கொண்டுபோக வேண்டும். வாலடியில் தோலை அறுக்காமல் விட்டுச் சதையை மறுபக்கம் புரட்டி, தோலுக்கும் சதைக்கும் இடையில் அலகை விட்டால் தோல் தனியாக வந்துவிடும். இப்படிச் செய்வதானால் செதிள் சுரண்டும் வேலையே இல்லை. தோலோடு பொரிப்பதாக இருந்தால் மட்டும் முதலிலேயே சுரண்டிவிடுங்கள். நடுமுள்ளைக் குறுக்கே வெட்ட இந்தக் கத்தியை ஒருபோதும் பாவிக்காதீர்கள். தலையெடுக்க வீட்டுக் கத்திதான் சரி.

மின்குமிழ் (கோண்டாவில்)

சோளகம் கத்தியைப் பற்றிச் சொன்னதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. மின்சாரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதால் எழுதுகிறேன். நான் வயரிங் வேலை செய்பவன்.

முதலில் நாட்டைப் பார்க்க வேண்டும். லண்டனில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், சதுர முனையுள்ள 13 அம்பியர் பிளக், இங்கும் அதுவே. அங்கிருந்து வரும் கத்தியை இறக்கிய கையோடு பிளக்கில் செருகலாம். ரொறன்ரோவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து வரும் வயருள்ள கத்தியை இங்குள்ள மின்சாரத்தில் நேரே கொடுத்தால், மோட்டர் சிறிது நேரம் வெறிபிடித்தாற்போல் ஓடிக் கருகிவிடும். பிளக்கின் முனையை மாற்றும் சிறிய அடப்டரைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது முனையை மாற்றுமே தவிர வோல்ற்றளவை மாற்றாது.

இதற்கு 230 வோல்ற்றை 110 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். கத்தியில் குறிப்பிட்டுள்ள வாற்று அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாததாக எடுங்கள், மோட்டர் தொடங்கும்போது கூடுதலாக இழுக்கும். பயணப் பையில் போடும் இலேசான கன்வேட்டர்கள் தலைமயிர் உலர்த்தி போன்ற சூடேற்றும் பொருட்களுக்கானவை, மோட்டருக்கு உதவா. இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் 110 வோல்ற் ட்ரான்ஸ்போமர்களில் பலவற்றில் உள்சுற்றும் வெளிச்சுற்றும் ஒரே கம்பியாகவே இருக்கும். வோல்ற்றளவு குறைந்தாலும் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு அறுவதில்லை. ஆகவே 110 தானே, அடித்தாலும் மெதுவாகத்தான் அடிக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. இவ்வளவு பாரத்தையும் செலவையும் சுமந்து கனடாவிலிருந்து வயருள்ள கத்தியை எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

பற்றரிக் கத்தி என்றால் நிலைமை மாறுகிறது. கத்திக்கும் நாட்டுக்கும் தொடர்பில்லை, சார்ஜருக்குத்தான் தொடர்பு. சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வோல்ற் வரை, 50/60 ஹேர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் அது எந்த நாட்டிலும் வேலை செய்யும். முனைக்கு அடப்டர் போதும். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

அடுத்தது இடம். இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கிணற்றடி, சீமெந்து நிலம், வெறுங்கால், ஈரக்கை, உப்பும் இரத்தமும் கலந்த நீர்: வீட்டு மின்சாரத்தோடு சேர்க்கக்கூடாதவை எல்லாம் உங்கள் மேடையில் ஒன்றாக இருக்கின்றன. அங்கே இருபது அடி எக்ஸ்டென்ஷன் வயரை நிலத்தில் இழுத்து 230 வோல்ற் கத்தியை ஓட்டுவதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். கத்தியின் கைப்பிடியில் சதுரத்துக்குள் சதுரம் போன்ற குறி இருந்தால் அது இரட்டைக் காப்புள்ளது, நல்லதுதான். ஆனால் அந்தக் காப்பு தண்ணீருக்குள் விழுந்த கத்தியைக் காப்பாற்றாது.

வயருள்ளதுதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், மேடைக்கு அருகிலுள்ள சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், தூசியும் தெறிக்கும் நீரும் புகாத ஐபி 65 தரமுள்ள, மூடியிட்ட பிளக் ஒன்றை நிலையாகப் பொருத்த வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் வீட்டின் ட்ரிப் சுவிச், 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழுவதாக இருக்க வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் 100 மில்லி அம்பியர் உள்ளவை இன்னும் இருக்கின்றன, அவை உயிரைக் காக்கும் அளவுக்கு நுட்பமானவையல்ல. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறையாவது அழுத்திப் பாருங்கள். பற்றரிக் கத்திக்கு இந்த ஏற்பாடு எதுவுமே தேவையில்லை. அதிலுள்ள குறைந்த வோல்ற்றளவால் உங்களுக்கு மின்னதிர்ச்சி ஏற்படாது. சார்ஜரை வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

வேறொரு வகையும் உண்டு. 12 வோல்ற்றில் ஓடி, வாகனப் பற்றரியில் கௌவி மாட்டும் வயருள்ள கத்திகள் வெளிநாடுகளில் படகு வைத்திருப்பவர்களுக்காக விற்கப்படுகின்றன. மின்னதிர்ச்சிப் பயமும் இல்லை, சார்ஜ் தீர்ந்துவிடும் கவலையும் குறைவு. ஆனால் 60 வாற்று மோட்டர் 12 வோல்ற்றில் 5 அம்பியர் இழுக்கும் என்பதால், மெல்லிய நீண்ட வயரை ஒட்டிப் பாவித்தால் வலு வழியிலேயே போய்விடும். வள்ளத்தில் வைத்து வெட்டுபவருக்கு இது பொருந்தும். உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கரைவலை (பாசையூர்)

தம்பி, மின்சாரக் கத்தி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்தில் கருவாட்டுக்கு மீன் கீறும் ஒருவர் வைத்திருக்கிறார், அதைப் பார்த்ததில் சொல்கிறேன். வயரா பற்றரியா என்று நீங்கள் எல்லோரும் விவாதிக்கிறீர்கள். அவருடைய கத்தியில் முதலில் தேய்ந்தது அலகு.

எங்கள் மீன் மணலோடு வருகிறது. விளைமீனின் செதிளும் கொடுவாவின் செதிளும் தடித்தவை. மணலும் செதிளும் சேர்ந்தால் எந்தப் பல்லும் மழுங்கிவிடும். கைக்கத்தி மழுங்கினால் கல்லில் இரண்டு தரம் தேய்த்துவிட்டு வேலையைத் தொடரலாம். இந்தப் பல் அலகைக் கல்லில் தேய்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்று அலகு யாழ்ப்பாணத்துக் கடைகளில் கேட்ட இடமெல்லாம் இல்லை என்றார்கள். ஆகவே யார் வாங்கி வந்தாலும் கத்தியோடு இரண்டு சோடி அலகு கூடுதலாக வாங்கி வரச் சொல்லுங்கள். வெட்ட முன்னர் மீனை ஒரு முறை அலசி மணலைப் போக்குங்கள்.

இரண்டாவது உப்பு. துருப்பிடிக்காத இரும்பு என்று எழுதியிருந்தாலும் கடல் உப்பு தங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். காரைநகரில் பல கிணறுகள் உவர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தண்ணீரில் கழுவி அப்படியே வைத்தால் பயனில்லை. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் எடுத்து, துடைத்து, அலகைக் கழற்றி வையுங்கள். கைப்பிடியைத் தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பற்றரிக் கத்தியானால் பற்றரி பொருந்தும் செப்பு முனைகளில் மீன் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும். அங்கே பச்சை பிடித்தால் கத்தி நல்லதாக இருந்தும் ஓடாது. இந்த ஒரு விடயத்தில் வயருள்ளது மேல்.

சூடை, நெத்தலி, கிழக்கனுக்கு இது வேண்டாம், வீண் மினக்கேடு. ஓராவுக்கும் வேண்டாம். அதன் செட்டை முள்ளில் நஞ்சு இருக்கிறது. அதிர்ந்து ஓடும் அலகில் பட்டு மீன் துள்ளினால் கையில் ஏறிவிடும், ஏறினால் கடுப்புத் தாங்க முடியாது. முள்ளில் சதை தங்கிவிடும் என்று லண்டன் தம்பி கவலைப்படுகிறார். தலையும் முள்ளும் கூழுக்குத்தானே போகின்றன. சதை கொஞ்சம் ஒட்டியிருந்தால் கூழ் இன்னும் நன்றாக இருக்கும்.

அலைகரை (காரைநகர்)

எல்லோருக்கும் நன்றி. மின்குமிழ் அவர்கள் எழுதியதை வாசித்த பிறகு ட்ரிப் சுவிச்சைப் போய்ப் பார்த்தேன். 30 மில்லி அம்பியர் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் கிணற்றடிச் சுவர் பழையது, அதில் புதிதாக வயரிங் செய்வதென்றால் சுவரைப் பூசுவதிலிருந்து தொடங்க வேண்டும். குசினிக்குள் வெட்டலாமா என்று யோசித்தோம். மணமும் கழிவு நீரும் விருந்தினர் இருக்கும் பக்கம் போகும் என்பதால் அது சரிவராது.

ஆகவே பற்றரிக் கத்தியின் பக்கம் மனம் சாய்கிறது. எனக்கு எஞ்சியிருக்கும் ஐயம் ஒன்றே. பத்துக் கிலோவை, யூலையில் இருபது கிலோவை, ஒரு சார்ஜில் வெட்டி முடிக்குமா? விளம்பரங்களில் சொல்லும் நேரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? கனடாவில் பாவிப்பவர்கள் யாராவது சொல்ல வேண்டும்.

வெண்பனி (ரொறன்ரோ)

அண்ணா, எனது கணவர் சிம்கோ ஏரியில் மீன் பிடிப்பவர். பிடித்து வரும் மீனை வெட்டுவது பெரும்பாலும் நான். எங்களிடம் இருப்பது லிதியம் பற்றரிக் கத்தி.

விளம்பரத்திலும் இங்குள்ளவர்கள் எழுதும் மதிப்புரைகளிலும் வரும் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். இவர்கள் வெட்டுவது பேர்ச், வோல்ஐ போன்ற நன்னீர் மீன்கள். பேர்ச் சிறிய மீன், வோல்ஐ அதைவிடப் பெரிது, இரண்டுக்கும் விலா முள் மெல்லியது. ஒரு சார்ஜில் இத்தனை மீன் வெட்டினேன் என்று ஒருவர் எழுதினால், அதே எண்ணிக்கையில் உங்கள் விளைமீனும் வெட்டுப்படும் என்று கொள்ள முடியாது. மீனின் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிடத்தைக் கணக்கிடுங்கள். கை பழகியவருக்கு ஒரு கிலோ மீனின் இரண்டு பக்கத்தையும் பிரித்துத் தோலும் எடுக்க, கத்தி உண்மையில் ஓடும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. புரட்டும் நேரத்திலும் அடுத்த மீனை எடுக்கும் நேரத்திலும் விரல் சுவிச்சில் இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால் பத்துக் கிலோவுக்கு இருபது நிமிட ஓட்டம், யூலையில் நாற்பது. தடித்த முள்ளுக்கு மோட்டர் கூடுதலாக இழுக்கும் என்பதால், ஒரு மணி நேரம் ஓடும் என்று சொல்லும் பற்றரியிலிருந்து அதில் பாதியை மட்டும் எதிர்பாருங்கள். கழற்றி மாட்டும் பற்றரிகள் இரண்டு இருந்தால் உங்கள் யூலை மாதமும் சிரமமின்றிக் கழியும். பற்றரியைக் கைப்பிடிக்குள் மூடிவைத்து, கத்தியையே சார்ஜரில் செருகும்படி செய்த வகையை வாங்க வேண்டாம். அது நின்றால் வேலையும் நிற்கும், பற்றரி செத்தால் கத்தியும் செத்துவிடும்.

பற்றரி சாகும் என்பதையும் நினைவில் வைத்துத்தான் வாங்க வேண்டும். லிதியம் பற்றரி சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பின் கொள்ளளவை இழக்கத் தொடங்கும்; வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். எங்களுக்குக் குளிர் தொல்லை, உங்களுக்கு வெயில் தொல்லை. தகரக் கூரைக்குக் கீழேயோ வாகனத்துக்குள்ளேயோ வைக்காதீர்கள். மீன் வெட்டி முடித்த கையோடு சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடாமல், ஆறவிட்டுப் போடுங்கள். நல்லூர்க் காலத்தில் வாரக்கணக்கில் சும்மா இருக்கப் போகிறதென்றால், முழுவதும் ஏற்றியும் வைக்காமல் முழுவதும் தீர்த்தும் வைக்காமல் பாதியளவில் வைத்துவிடுங்கள். எதிர்காலத்தில் அதே பற்றரியைத் தனியாக வாங்க முடியுமா என்பதைத் தங்கை கடையிலேயே கேட்டுவிடட்டும். தனியாக விற்காத கத்தி எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவன்று.

விமானத்தில் கொண்டுவருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழற்றிய லிதியம் பற்றரிகளைச் சரக்கில் அனுப்பும் பெரிய பெட்டிக்குள் போட அனுமதியில்லை. கையில் கொண்டுபோகும் பையில்தான் வர வேண்டும். அலகுகளோ கைப்பையில் வரக்கூடாது. உறையிட்டுப் பெரிய பெட்டிக்குள் போட வேண்டும். ஆகக் கத்தி ஒரு பக்கமும் பற்றரி ஒரு பக்கமுமாகத்தான் பயணம் செய்யும். 100 வாற்று-மணிக்கு உட்பட்ட பற்றரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. வோல்ற்றளவை அம்பியர்-மணியால் பெருக்கினால் அந்த எண் வரும். 18 வோல்ற், 2.5 அம்பியர்-மணி என்றால் 45 தான், எல்லைக்குள் நன்றாகவே இருக்கிறது. முனைகளின் மேல் ரேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடச் சொல்லுங்கள்.

அக்காவின் மணிக்கட்டைப் பற்றி ஒரு சொல். பற்றரிக் கத்தி எடை கூடியது என்று சோளகம் எழுதியது உண்மை. ஆனால் அந்த எடை முழுவதும் கைப்பிடியின் பின்புறத்தில் இருப்பதால் அலகு மேல் நோக்கி எழும், அலகு கீழே இழுக்காது. வெட்டும் பலகையை இடுப்பளவு உயரத்தில் வைத்து, கைப்பிடியின் பின்பகுதி பலகையை ஒட்டிப் போகும்படி பிடித்தால் எடை கையில் தெரியாது. குந்தியிருந்து வெட்டினால் எந்தக் கத்தியும் மணிக்கட்டை நோகத்தான் செய்யும்.

சோளகம் (லண்டன், ஊர் ஊர்காவற்றுறை)

கிணற்றடியில் பிளக் போட முடியாது என்றால் என் வாக்கையும் மாற்றிக்கொள்கிறேன். எங்கள் கடையில் சுவருக்குச் சுவர் பிளக் இருக்கிறது, நிலமும் நாள் முழுவதும் மீன் வெட்டுவதற்கென்றே அமைத்தது. வயருள்ள கத்தி அங்கே சிறப்பதற்கு அதுவே காரணம். நாள் முழுவதும் வெட்டுபவருக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். காலையில் அரை மணி நேரம் வெட்டுபவருக்கு அவ்வளவு தேவையில்லை.

அலைகரை (காரைநகர்)

தங்கைக்கு எழுதிவிட்டேன்: கழற்றக்கூடிய இரண்டு லிதியம் பற்றரிகள், 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் சார்ஜர், எட்டங்குல வளையும் அலகு ஒரு சோடி, பத்தங்குல அலகு ஒரு சோடி, எட்டங்குலத்தில் மேலும் இரண்டு சோடி. மேடையின் மேல் பலகையை உயர்த்தி வைக்க ஒரு மரத்தாங்கியும் செய்யக் கொடுத்திருக்கிறேன். மனைவிக்கு இதில் இரட்டை மகிழ்ச்சி. ஒன்று கத்தி, மற்றது வாதத்தில் வென்றது.

மச்சானுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே, இல்லாவிட்டால் மனம் கோணுவார். கத்தி படாத கம்பி நூல் கையுறை லண்டனில் கிடைக்கும் என்கிறார். மீனைப் பிடிக்கும் கையில் அதைப் போட்டுக்கொண்டால் மின்கத்திக்கும் பாதுகாப்புத்தானே?

சோளகம் (லண்டன், ஊர் ஊர்காவற்றுறை)

இல்லை அண்ணா, அதை நம்பிக் கையை அலகுக்கு முன்னால் வைத்துவிடாதீர்கள். அந்தக் கையுறைகள் கைக்கத்தி வழுக்கிக் கீறுவதைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. மோட்டரால் ஓடும் பல் அலகு நூலைப் பற்றி இழுத்து அறுத்துவிடும். மின்கத்திக்குப் பாவிக்கக்கூடாது என்று கையுறை செய்பவர்களே எழுதியிருப்பார்கள். வழுக்காமல் பிடிப்பதற்குச் சாதாரண றப்பர் கையுறை போதும். பிடிக்கும் கை எப்போதும் அலகுக்குப் பின்னால், தலைப்பக்கத்தில் இருக்க வேண்டும். அலகை மாற்றும்போது பற்றரியைக் கழற்றிவிட வேண்டும்; பற்றரிக் கத்திக்கு வயர் இல்லாததால், பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற நிம்மதியும் இல்லை.

மச்சானிடம் முள் பிடுங்கும் குறடு ஒன்று கேளுங்கள். எந்த மின்கத்தியால் பிரித்தாலும் சதையின் தலைப்பக்க அரைவாசியில், நடுக்கோட்டை ஒட்டி, வரிசையாகச் சிறு முட்கள் புதைந்திருக்கும்; கத்தி அவற்றை எடுக்காது. பிள்ளைகளின் தொண்டையில் சிக்குபவை அவைதான். விரலால் எதிர்ப்பக்கமாகத் தடவினால் முனைகள் தட்டுப்படும். முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே, தலைப்பக்கம் நோக்கி இழுத்தால் சதை பிய்யாமல் வரும். பெரிய பாரையில் அவை இறுகியிருந்தால் இழுக்க வேண்டாம். அந்தக் கோட்டின் இரு பக்கமும் கைக்கத்தியால் கீறி, ஒரு சிறு கீலமாக எடுத்துக் கட்லட்டுக்கு வேகவைத்து முள்ளை உதிர்த்துவிடுங்கள்.